தைப் பனியில் வேலூரிலிருந்து அண்ணாமலைக்கு நடந்து போக

ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 29, நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் வேலை. கிரிவலம் ஏழெட்டு முறை போயிருக்கிறார், அதற்கு மேல் நடந்து பழக்கமில்லை. தைப் பௌர்ணமிக்கு வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு ராத்திரியோடு ராத்திரியாக நடந்தே போவதாக வேண்டிக்கொண்டாராம். கையில் எட்டு வாரம் இருக்கிறது. கால் தாங்குமா, குளிர் தாங்குமா, என்னென்ன வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கேள்வி.

தம்பி, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ராத்திரியோடு ராத்திரியாக என்பது நடக்காது. கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல், போளூர், கலசபாக்கம் வழியாகத் திருவண்ணாமலை 80 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நல்ல நடை மணிக்கு 5 கிலோமீட்டர். டீ, சாப்பாடு, கால் பார்ப்பது, ஒதுங்குவது எல்லாம் சேர்ந்தால் சராசரி 4-க்கு இறங்கிவிடும். ஆக, 20 மணி நேரம். தை மாதத்தில் இருட்டு பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல் கிடையாது. மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்பினால் மறுநாள் பதினொரு மணிக்குச் சேரலாம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நீங்கள் போகப்போவது ஆறு கிரிவலம், இடையில் வீட்டுக்கு வராமல்.

நான் இந்தப் பாதையில் ஆறு தடவை கிளம்பி நான்கு தடவைதான் போய்ச் சேர்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எட்டு வாரம் பழகினால் கால் தாங்கும். குளிரும், நடந்துகொண்டே இருக்கிறவரை, தாங்கும். ஆளைச் சாய்ப்பது நாம் நிற்கிற இடம்தான்.

முதல் தடவை நானும் என் மச்சானும் போனோம். சந்தவாசல் வரை சிட்டாகப் பறந்தோம். வெளியே பனி, உள்ளே வியர்வை. பருத்தி பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஊர் தாண்டி ஒரு டீக்கடை, வாசலில் கடப்பைக்கல் பெஞ்சு. அஞ்சு நிமிஷம் என்று உட்கார்ந்தோம். டீ வந்தது, பன் வந்தது, கடைக்காரர் எந்த ஊர், என்ன வேண்டுதல் என்று பேச்சுக் கொடுத்தார், நாற்பது நிமிஷம் ஓடிவிட்டது. கீழே கல் சூட்டை உறிஞ்சியது, மேலே ஈர பனியன் உறிஞ்சியது. இரண்டாவது டீயைக் குடிக்கும்போது கிளாஸ் என் பல்லில் பட்டு டக்டக்கென்று அடித்தது. கையை இரண்டும் சேர்த்துப் பிடித்தும் நிற்கவில்லை. எழுந்தால் முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. மச்சான் சாக்ஸைக் கழற்றினார். குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் வெள்ளையாக ஊறிப்போய், சாக்ஸோடு சேர்ந்து உரிந்து வந்தது. அப்புறம் என்ன, ஒரு பால் வண்டியில் போளூர் வரை போய், முதல் பஸ்ஸைப் பிடித்து வீடு திரும்பினோம். வீட்டில் கேட்டவர்களுக்கு என்ன பதில் சொன்னோம் என்பது வேறு கதை.

அன்றைக்கு ஒன்றும் ஊட்டிக் குளிர் இல்லை. வேலூரில் தை ராத்திரி 18 டிகிரியை ஒட்டி இருக்கும். வயல்வெளியிலும் ஜவ்வாது மலை அடிவாரத்திலும் அதற்குக் கீழே இறங்கும். வடநாட்டுக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் நமக்கு மே மாதத்தில் 40 டிகிரியில் வேகிற வெயிலூர் உடம்பு. ஈரத் துணியோடு உட்கார்ந்தால் இந்த 18 தாராளம்.

விஷயம் எளிது. நடக்கிற உடம்பு எரிகிற அடுப்பு. நின்றதும் அடுப்பு அணைந்துவிடும், ஆனால் வியர்வை உலர்வது நிற்காது. உலர உலர உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அதனால் நிற்பதற்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். கடை கண்ணில் பட்டதுமே, நடந்துகொண்டே சால்வையை எடுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். உட்கார்ந்து, குளிர ஆரம்பித்த பிறகு பையைத் துழாவினால் தாமதம். ஈர பனியனைக் கழற்றி உலர்ந்ததை மாட்டுங்கள், யார் பார்த்தாலும் பரவாயில்லை. கல்லின் மேல் நேராக உட்காராதீர்கள், ஒரு மடித்த சாக்கு அல்லது நான்கு தாள் பேப்பர் போதும். முதலில் காலைப் பாருங்கள், டீ அப்புறம். போனில் பத்து நிமிஷம் அலாரம் வைத்துவிட்டு, அடித்ததும் பாதி டீ மிச்சம் இருந்தாலும் எழுந்துவிடுங்கள். எழுந்து முதல் இருநூறு அடி மெதுவாக. சால்வையை உடம்பு சூடானதும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி வியர்த்து அடுத்த கடையில் இதே கதை.

உடுப்பிலும் இதே கணக்குதான். பருத்தி பனியன் வெயில் காலத்துக்கு அருமை. இதற்கு ஆகாது, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கபடி, வாலிபால் பையன்கள் போடுகிற பாலியஸ்டர் ஜெர்சி மலிவு, சீக்கிரம் உலரும். அதன் மேல் காற்றை மறைக்கிற மெல்லிய ஜாக்கெட். பையில் உலர்ந்த ஜெர்சி இரண்டு, சால்வை ஒன்று, குரங்குக் குல்லா ஒன்று. குல்லா போட்டால் போட்டோவில் எப்படித் தெரிவோம் என்று யோசிக்கிறவர்கள் காலை நான்கு மணிக்கு என் குல்லாவைக் கடன் கேட்டிருக்கிறார்கள். ராத்திரி நடையைத் தொடரும்போது லேசாகக் குளிருகிற அளவுக்குத்தான் உடுத்தியிருக்க வேண்டும். கால் மணி நேரத்தில் சரியாகிவிடும்.

இனி பாதம். இதில்தான் நிறையப் பேர் பணத்தை வீணாக்குகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று உலகத்துக்கே செருப்பும் ஷூவும் தைத்து அனுப்புகிற பூமியில் இருந்துகொண்டு, கிளம்புகிறதுக்கு முந்தின நாள் ஆன்லைனில் புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஷூவை இந்த வாரமே வாங்குங்கள். சாயங்காலம் போய், நடக்கும்போது போடப்போகிற அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பகல் முழுக்க நின்ற கால் வீங்கியிருக்கும், அதுதான் உங்கள் நடைக்கால் அளவு. பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். அதிலேயே 150 கிலோமீட்டராவது நடந்து பழகிய பிறகுதான் அண்ணாமலைக்கு. கை விரலும் வீங்கும். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். கால் நகத்தை மூன்று நாள் முன்னால் வெட்டுங்கள், முந்தின ராத்திரி வெட்டினால் ஓரம் குத்தும்.

கொப்புளம் வருவது உரசலால். ஈரம் சேர்ந்தால் இரட்டிப்பு வேகம். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள், ஷூவைத் துளைக்காதா? ரோட்டோரப் புல்லில் கால் வைக்காமல் தாரிலேயே நடங்கள். மெடிக்கல் கடையில் கட்டுப்போட விற்கிற சாதாரண பேப்பர் டேப்பை, உங்களுக்கு வழக்கமாக உரசுகிற இடத்தில் கிளம்பும் முன்பே ஒட்டிவிடுங்கள். இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. 2016-ல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 250 கிலோமீட்டர் பாலைவன ஓட்டக்காரர்களின் காலில் இந்த மலிவு டேப்பை ஒட்டிப் பார்த்து, ஒட்டிய இடத்தில் கொப்புளம் கணிசமாகக் குறைகிறது என்று கண்டது. வழியில் எங்காவது சுள்ளென்று சூடு தெரிந்தால் அடுத்த கடை வரை தள்ளிப்போடாதீர்கள். அங்கேயே நின்று, துடைத்து, டேப் ஒட்டுங்கள். இரண்டு நிமிஷ வேலை. தள்ளிப்போட்டால் இரண்டு வாரம். கொப்புளம் வந்தே விட்டால், பெரிதாக இருந்து வலித்தால் மட்டும், சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை விட்டு, மேல்தோலை உரிக்காமல் மூடுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் இந்தக் கைவைத்தியம் செய்யக் கூடாது. அவர்கள் நடைக்கே டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும், பாதம் மரத்துப்போயிருந்தால் காயம் தெரியாது. தொடை இடுக்கிலும் அக்குளிலும் வாசலின் தாராளமாக. வெட்கப்பட்டு இதை விட்டவர்கள் கடைசிப் பதினைந்து கிலோமீட்டரைக் காலை அகட்டிக்கொண்டு நடப்பார்கள்.

பழக்கத்துக்கு வருவோம். வார நாளில் கோட்டை அகழியைச் சுற்றி ஒரு மணி நேரம், அவ்வளவுதான், அதிகம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நடைதான் முக்கியம். முதல் வாரம் 15 கிலோமீட்டர். அடுத்த வாரம் விரிஞ்சிபுரம் போய்த் திரும்புங்கள், சுமார் 28 வரும். மதிலழகைப் பார்த்தது மாதிரியும் இருக்கும். முதல் வாரத்துக்கு இரட்டிப்பாக இருக்கிறதே என்று பயந்தால் போகும்போது நடை, வரும்போது பஸ். மார்கழி முதல் நாள் பர்வதமலையைச் சுற்றுகிற கிரிவலம் உண்டு, இருபது கிலோமீட்டருக்கு மேல். நாள் ஒத்து வந்தால் விடாதீர்கள், கூட்டத்தோடு இருட்டில் நடக்கிற பழக்கம் அங்கே கிடைக்கும். ஐந்தாவது வாரம் 35. ஆறாவது வாரம்தான் உண்மையான பரீட்சை: சனிக்கிழமை வேலை எல்லாம் முடித்து, ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பி விடியும் வரை நடங்கள். தூரம் பெரிதில்லை. அன்றைக்குப் பார்க்க வேண்டியது நிற்கிற முறை: சால்வை எங்கே இருக்கிறது, இருட்டில் டேப் ஒட்ட வருகிறதா, பத்து நிமிஷத்தில் எழ முடிகிறதா, மூன்று மணிக்கு வயிறு எதைக் கேட்கிறது. கடைசி இரண்டு வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். விட்ட நடையைக் கடைசி வாரத்தில் பிடிக்கப் பார்த்தவர்தான் கணியம்பாடியிலேயே நொண்டுவார்.

சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணமங்கலத்தில் எட்டரை மணி வாக்கில் இட்லி. பையில் புளிசாதம், கடலை மிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம். நடு ராத்திரி பிரியாணி வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொறியுங்கள், பசித்த பிறகு அல்ல. குளிரில் தாகம் தெரியாது. அதனால் குடிக்காமலே விடுபவர்களும் உண்டு, பயந்துபோய் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடிப்பவர்களும் உண்டு. இரண்டாவது இன்னும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு இறங்கித் தலை சுற்றும், வாந்தி வரும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். ருசிக்காக அரை லிட்டரில் கரைக்காதீர்கள். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், போதாக்குறைக்கு எங்கே வலிக்கிறது என்பதையும் மறைத்துவிடும்.

ரோடு. வலது ஓரத்தில், எதிரே வருகிற வண்டி முகம் தெரிய நடங்கள். முதுகில் ஒளி பட்டால் மின்னுகிற கோட்டு, நெற்றியில் கட்டுகிற டார்ச். பௌர்ணமிக்கு டார்ச் எதற்கு என்பீர்கள். தைப் பௌர்ணமி நிலா சூரியன் மறையும்போது எழுந்து விடியும்போது மறையும், நடு ராத்திரியில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கும், உங்கள் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். பாதை பளிச்சென்று தெரியும், வாஸ்தவம்தான். டார்ச் நீங்கள் பார்ப்பதற்கு இல்லை, லாரிக்காரர் உங்களைப் பார்ப்பதற்கு. அது கரும்பு வெட்டுகிற காலம் வேறு. பின் விளக்கே இல்லாத டிராக்டர் டிரெய்லரை நம்பி அதன் ஓரமாக நடக்காதீர்கள். நாய் குரைத்தால் ஓடாதீர்கள், நின்று, கூட்டமாகச் சேர்ந்து, கம்பைத் தரையில் தட்டிக்கொண்டே மெதுவாகக் கடந்து போங்கள்.

தூக்கம் வந்தால் திண்ணை, பெஞ்சு, கோயில் மண்டபம் எதுவும் சரி, வரப்போரத் தரையில் மட்டும் படுக்கக் கூடாது. கட்டு விரியன் ராத்திரியில்தான் திரியும், தூங்குகிறவர்களைக் கடிக்கும், கடித்தது பல நேரம் வலிக்கவே வலிக்காது. கண்ணாடி விரியனும் இந்தக் குளிர் மாதங்களில் நிறையக் கண்ணில் படும். புதர் ஓரம் ஒதுங்கும்போதும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான். அப்படி எதுவும் நடந்துவிட்டால் கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். ஆளை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கண்ணமங்கலத்தில் மாவட்டம் மாறும். என் அப்பா காலத்தில் இந்தப் பாதை முழுக்க ஒரே மாவட்டம், வட ஆற்காடு. 1989-ல் பிரித்தபோது அந்தப் பக்கத்துக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று பேர் வைத்தார்கள். அந்தச் சம்புவராயர்கள் இருந்து ஆண்ட படைவீடு, நீங்கள் ராத்திரி பதினோரு மணி வாக்கில் கடக்கப்போகிற சந்தவாசலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இப்போது ரேணுகாம்பாள் கோயில் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். இப்படிப் பேச நாலு விஷயத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், போளூருக்கு அப்புறம் தேவைப்படும்.

ஏனென்றால் போளூரில் நீங்கள் இருக்கும்போது மணி மூன்று. பாதிக்கு மேல் முடிந்துவிட்டது, ஆனால் மூன்றிலிருந்து ஐந்து வரை உடம்பின் சூடே நாளில் மிகக் குறைவாக இருக்கிற நேரம். தூக்கமும் குளிரும் சேர்ந்து வரும். கூட வருகிறவர்கள் பேச்சை நிறுத்தியிருப்பார்கள். காரணமே இல்லாமல் கோபம் வரும். மச்சானும் நானும் ஒரு தடவை வாழைப்பழத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டோம். அதற்கு நான் செய்வது இதுதான்: அதுவரை டீயைக் குறைத்துக்கொண்டு போளூரில்தான் ஸ்ட்ராங்காகக் குடிப்பது, சாக்ஸ் மாற்றுவது, பதினைந்து நிமிஷம் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்து கண்ணை மூடுவது, கூட ஒருவர் விழித்திருப்பது. தனியாக இந்த நடைக்குப் போகாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். முந்தின இரண்டு ராத்திரியும் எட்டு மணி நேரம் தூங்கியவருக்கும் தூங்காதவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கே அப்பட்டமாகத் தெரியும்.

எங்கே நிறுத்துவது என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். கண்ணமங்கலம், போளூர், கலசபாக்கம் மூன்றிலும் பஸ் கிடைக்கும், போளூரில் ரயிலும் உண்டு. போர்த்திக்கொண்டு, சூடாகக் குடித்து, மறுபடி நடந்தும் நடுக்கம் நிற்கவில்லையா, ஒரு காலில் மட்டும் வலி அடிக்கு அடி கூடுகிறதா, கூட வருகிறவர் பேச்சு குழறுகிறதா, ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லையா, அங்கேயே முடித்துவிடுங்கள். வேண்டுதல் பாக்கியாகிவிடுமே என்று யோசிக்காதீர்கள். என் இரண்டாவது தோல்விக்குப் பிறகு, மிச்சத்தை அடுத்த பௌர்ணமிக்குப் போளூரிலிருந்து நடந்து முடித்தேன். அண்ணாமலையார் தவணையை ஏற்றுக்கொள்வார். சொல்லப்போனால் முதல் வருஷம் போளூரிலிருந்து மட்டும் நடந்தாலே 30 கிலோமீட்டருக்கு மேல் வரும். எட்டு வாரத்தில் பழக்கம் சரியாக வரவில்லை என்றால் அதைத்தான் நான் சொல்வேன்.

வெறுங்காலோடு நடக்க வேண்டுமா என்பதையும் மனதில் வைத்திருப்பீர்கள். சின்ன வயதிலிருந்து செருப்பில்லாமல் பழகியவர்கள் நடக்கிறார்கள், பார்க்கவே பொறாமையாக இருக்கும். ஆபீஸ் பாதம் எட்டு வாரத்தில் அப்படி ஆகாது. ஊர் எல்லை வரை ஷூ, அப்புறம் கோயில் வரை வெறுங்கால், இது போதும். அன்றைக்கே கிரிவலமும் சுற்றிவிடலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். விடிந்ததும் கலசபாக்கம் தாண்டி மலை தெரிய ஆரம்பிக்கும், இதோ வந்துவிட்டது என்று தோன்றும். வராது. தை மாதமானாலும் ஒன்பது மணிக்கு மேல் வெயில் சுடும், ராத்திரி முழுக்கக் குல்லா போட்ட தலைக்கு இப்போது துண்டு வேண்டும்; அந்தக் கடைசி நான்கு மணி நேரத்துக்கென்று ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.ஸைத் தனியாக எடுத்து வையுங்கள்.

திரும்பி வருவதற்கு பைக்கை முன்கூட்டியே அங்கே கொண்டுபோய் நிறுத்தி வைக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். இருபது மணி நேரம் நடந்து தூங்காத கண்ணோடு வண்டி ஓட்டக் கூடாது. பஸ் ஏறுங்கள். ஏறும்போது கண்டக்டரிடம் வேலூரில் எழுப்பிவிடச் சொல்லி வையுங்கள். சொல்லாமல் திருப்பதி பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்த நான், கண் விழித்தபோது சித்தூரில் இருந்தேன்.